எஸ்ஜிபிடி இறங்குகிறது

நவம்பர் 6, 2006, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. முன்பக்கச் சாக்கடை அடைப்பு. மூங்கில் குச்சியால் நானே குத்தி விட்டேன். வேலைக்காரி வரவில்லை; வர வேண்டாமென்று நான்தான் சொல்லி அனுப்பினேன். ரகுவின் கண்களை அவள் பார்க்க வேண்டியதில்லை.

கேட்டில் பூட்டு, மூன்று நாளாக. சாவி என் இடுப்பில். நாற்பத்து நான்கு வயது மகனை யாராவது பூட்டி வைப்பார்களா என்றால், வைப்பார்கள். வேறு வழி தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

பின்னால் குழப்பம் வராமல் இருக்க எழுதி வைக்கிறேன்:

ஆகஸ்ட் கடைசியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.
அரை மணி கழித்துத்தான் காபி.
வாந்தி. முதலில் எப்போதாவது, இப்போது தினமும்.
சட்டைக் காலர் தொளதொளவென்று.
அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் பூட்டு.
இப்போது கண்கள். வெறும் மஞ்சள் இல்லை, பழுத்த எலுமிச்சை.

அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. காலையில் கதவைச் சாத்திக்கொள்வது முதற்கொண்டு. அவர் போனபோது பத்திரிகையில் மாரடைப்பு என்று கொடுத்தேன். வீட்டுக்குள் எங்கள் மூவருக்கும் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. பதினாறு வருடமாகத் தெரியாது.

கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"நான் தொடவே இல்லம்மா."

"உங்க அப்பாவும் இதையேதான் சொன்னார்."

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டரிடம் போனால் முதல் கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்கு மூன்று ஆஸ்பத்திரிகளில் தலை குனிந்திருக்கிறேன். ரயில்வே ஆபீசில் முப்பத்தொரு வருடம் என் டைப்பிங்கில் ஒரு பிழை காட்டியவர் கிடையாது. அந்த நாற்காலிகளில் மட்டும் பிழை செய்தவளைப் போல உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை முடியாது.

காமாலைக்குக் கீழாநெல்லி. சந்திப்பில் கீரைக்காரியிடம் வேரோடு வாங்கி, கழுவி, அரைத்து, மோரில். வெறும் வயிற்றில். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. வெளியே போகாமல் இருந்தால், கைக்கு எட்டாமல் இருந்தால், ஈரல் தானாகத் தேறும்.

பக்கத்து வீட்டு அம்மாள் காம்பவுண்டு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ரகு தம்பியைக் காணோமே?" என்றாள். கம்பெனி வேலையாகக் கோயம்புத்தூர் என்றேன். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. அவள் தலை சுவருக்குப் பின்னால் இறங்கியது. எனக்குக் காது எரிந்தது.


நவம்பர் 9, வியாழன்

மழை விட்டு விட்டு. துணி எதுவும் காயவில்லை.

திருமுடிவாக்கத்தில் ரகுவோடு வேலை செய்யும் பாஷா வந்தார். லேத் பட்டறையில் ரகு சூப்பர்வைசர், இவர் ஃபிட்டர். கேட்டைத் திறக்காமல் பேசினேன்.

"அம்மா, ஒரு வாட்டி அவர பாத்துட்டு போய்டறேன்."

"தூங்குகிறான்."

"கண்ணு மஞ்சளா கீதுன்னு போன்ல சொன்னாரு. டாக்டராண்ட இட்டுகினு போங்கம்மா. லேட் பண்ணாதீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும், லேட் என்று?"

மனிதர் தலையைச் சொறிந்தார். "அவரையே கேளுங்கம்மா. என் வாயால சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

சத்தியம். எதற்கு என்று எனக்குத் தெரியாதா? "பாய், நீங்களும் கூட்டா?" என்று கேட்டே விட்டேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "நானா? எங்க வூட்டம்மா காலை ஒடிச்சு கைல குடுத்துடும்மா." பிறகு சிரிப்பு நின்றது. "அவரும் இல்லம்மா. அது இல்ல விசயம்."

அது இல்லை என்று சொல்ல ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. நல்ல ஏற்பாடு. சாத்துக்குடிப் பையைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு அனுப்பி விட்டேன்.

ரகுவின் செல்போனை வாங்கி என் பீரோவில் வைத்தேன். மறுக்காமல் கொடுத்தான். "நான் எங்கம்மா போகப் போறேன், நிக்கவே முடியல" என்றான்.

கீழாநெல்லி ஆறாம் நாள். சிறுநீர் ஆரஞ்சு நிறம்.


நவம்பர் 12, ஞாயிறு

மகள் மாலா நாவலூரிலிருந்து சொல்லாமல் வந்து விட்டாள். பாஷா அவள் ஆபீசுக்கே போன் செய்திருக்கிறார்.

அண்ணனைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டாள். "அம்மா, உனக்குப் பைத்தியமா? இவ்வளவு நாளா வீட்டுலயே வெச்சிருக்கே?"

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது. எல்லோருக்கும் தெரியும்."

"யாரு அந்த எல்லாரும்? கீரைக்காரியா?"

பேச்சு கூடாது என்றேன். அவள் கேட்கவில்லை. பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆளை வரவழைத்தாள். ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய இடம் வெகுநேரம் நிற்காமல் கசிந்தது. பஞ்சு மூன்று.

ரகுவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைச் சொறிந்து விட்டேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.


நவம்பர் 13, திங்கள்

ரிப்போர்ட். ஈரல் டெஸ்டுடையது; நானே போய் வாங்கி, ஆட்டோவிலேயே பிரித்தேன்.

எஸ்ஜிஓடி 1,016.
எஸ்ஜிபிடி 1,482.
பிலிருபின், அதாவது காமாலையின் அளவு, 11.4. (இங்கிலீஷில் எல் ஒன்று அதிகமாகப் போட்டிருக்கிறார்கள்.)

எஸ்ஜிபிடிக்கு எதிரே, நார்மல் 40 வரை என்று அச்சடித்திருக்கிறது. ஒரு பூஜ்யத்தையோ புள்ளியையோ தப்பாக அடித்து விட்டார்கள் என்று நினைத்தேன். ஆட்டோவைத் திருப்பச் சொல்லி அங்கேயே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "இல்ல மேடம், ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தாச்சு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வழக்கமான டாக்டர் தாளைப் பார்த்தார், ரகுவைப் பார்க்கவில்லை. நாளைக் காலையே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.


நவம்பர் 14, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். மழை இல்லை.

ஈரல் டாக்டர் ஒரு பெண், நாற்பதுக்குள். அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லி விடுவதென்று டாக்ஸியில் தீர்மானித்திருந்தேன். சுத்தமான இங்கிலீஷில் சொன்னேன்: என் மகன் குடிக்கிறான், அவன் தகப்பனாரும் குடித்துத்தான் இறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னது. வார்டில் நான்கு பேருக்காவது கேட்டிருக்கும்.

ரகு கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். தமிழில்தான் பதில் சொன்னாள்.

"குடிக்கிறவங்களுக்கு இப்படி வராதும்மா. அவங்களுக்கு எஸ்ஜிஓடிதான் ஜாஸ்தியா இருக்கும். மத்ததைப் போல ரெண்டு மடங்கு. அதுவும் முன்னூறு, நானூறைத் தாண்டறது அபூர்வம். இவருக்கு எஸ்ஜிபிடி ஆயிரத்து நானூறு. இது ஏதோ மருந்து, இல்லைன்னா வைரஸ்." பிறகு அவனிடம் குனிந்து, "சார், என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒன்றும் இல்லை" என்றேன் நான்.

"அவர் சொல்லட்டும்மா."

சொன்னான். டிபி. ஆகஸ்டில் சளியில் ரத்தம் வந்திருக்கிறது. பாஷாதான் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரைகள், அதில் ஒன்று செங்கல் நிறம். அலமாரியின் கீழ்த்தட்டு.

"இன்னிக்குக் காலையிலயும் போட்டீங்களா?"

"போட்டேன்."

"கண் மஞ்சளானா நிறுத்திட்டு உடனே வரணும்னு அந்த டாக்டர் சொல்லலியா?"

"கண் மஞ்சளானா வரச் சொன்னாரு. நடுவுல ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னும் சொன்னாரு. வர முடியல. அதனால விடல."

வர முடியல. அவ்வளவுதான் சொன்னான். கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது. நான் கட்டில் சட்டத்தில் ஒட்டியிருந்த நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் தேதியிலிருந்து பதினான்காம் தேதி வரை. பதினொரு காலை. பதினொன்றும் என் பூட்டுக்குள்.

டாக்டர் போன பிறகு கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"முன்னாடி வேலை செஞ்ச பொன்னியோட வீட்டுக்காரருக்கு டிபின்னு தெரிஞ்சதும் அவளை அன்னிக்கே நிறுத்தினியேம்மா. அவ தொட்ட பாத்திரத்தையெல்லாம் வெளியில போட்டே."

நியாயமான பதில். பிழை சொல்ல இடமில்லை.

அவனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாய் வரவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு உறவினர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். நாளைக்கு.


நவம்பர் 15, புதன்

எஸ்ஜிபிடி 1,105.

இறங்குகிறது. மாத்திரையை நிறுத்திய ஒரே நாளில். கோடு போட்ட நோட்டு வாங்கி ஐந்து பத்தி கட்டினேன்: தேதி, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிருபின், வெயிட். ஸ்கேல் வைத்து.

பிலிருபின் 15. அது மெதுவாகத்தான் இறங்கும் என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சொன்னாள். அவள் கணவருக்கும் அப்படித்தானாம்.

இட்லி ஒன்றரை சாப்பிட்டான். ஒன்றரை.


நவம்பர் 17, வெள்ளி

எஸ்ஜிபிடி 640. பாதிக்கும் கீழே.

நர்ஸிடம் நோட்டைக் காட்டினேன். "நீங்களே டாக்டர் ஆயிடலாம் போல" என்றாள். மாலாவுக்குப் போன் செய்து எண்களைப் படித்தேன். அவள் அழுதாள். அழ என்ன இருக்கிறது என்று அதட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

பாஷா வந்தார், பட்டறை உடுப்போடு. எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். பதறிப்போய் உட்கார மறுத்தார். அவரிடமும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. "காபி சாப்பிடுகிறீர்களா" என்றுதான் வந்தது. புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். வாங்கிக் குடித்தார்.

நோட்டைப் பார்த்து, "இன்னாம்மா இது, மார்க்கு கொறைய கொறைய பாஸா? நம்ம ஸ்கூல்ல உல்டா ஆச்சே" என்றார்.

ரகு சிரித்தான். "உனக்கு எப்பவுமே இங்க பாஸ்தான் மச்சான்." சிரிக்கும்போது ஈறில் ரத்தம்.

பகலெல்லாம் தூங்குகிறான். அசதி. தூங்கட்டும் என்று விட்டேன். பேசுவதற்கு நாள் இருக்கிறது.


நவம்பர் 18, சனி

எஸ்ஜிபிடி 290.

டாக்டர் உள்ளே வந்ததும் நோட்டை நீட்டினேன். முழுக்கப் பார்த்தாள், ஒவ்வொரு வரியாக. கையெழுத்து அழகாக இருக்கிறது என்றாள். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அம்மா, இந்த எஸ்ஜிபிடி ஈரலோட பலம் இல்ல. ஈரல் செல்லு சாகும்போது அதுக்குள்ள இருந்து ரத்தத்துல ஒழுகற சத்து. நிறைய செத்தா நிறைய ஒழுகும். ஒழுகறது குறையுதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஓட்டை அடைஞ்சிருக்கலாம். இல்லைன்னா குடத்துல தண்ணியே இல்லாம போயிருக்கலாம்."

"இது எது?"

"பிலிருபின் இருபத்தி ரெண்டு. ரத்தம் உறையற நேரம், நமக்கெல்லாம் பதிமூணு செகண்ட். இவருக்கு முதல் நாள் இருபத்தி நாலு, இன்னிக்கு நாப்பத்தி ஒண்ணு. உறைய வைக்கற பொருளை ஈரல்தான் செய்யணும். செய்ய ஆள் இல்ல. ஸ்கேன்ல ஈரல் சுருங்கியிருக்கு."

அந்த எண் தினமும் ரிப்போர்ட்டின் இரண்டாம் தாளில் இருந்திருக்கிறது. முதல் தாளோடு நிறுத்திக்கொண்டேன். நான் கட்டியது ஐந்து பத்தி. ஆறாவது கட்டவில்லை.

மாற்று ஈரல்? கேட்டேன். என்னுடையதை எடுக்கலாமா? எழுபத்திரண்டு வயது, எடுக்க மாட்டார்கள். மாலா தருவாள். "யார் தந்தாலும் இப்ப முடியாதும்மா. நெஞ்சுல டிபி இன்னும் அடங்கல, மேல நிமோனியா வேற. ஆபரேஷன் தாங்காது."

"பத்து நாள் முன்னால் வந்திருந்தால்?"

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள். நான் அப்படியே நின்றேன். கடைசியில் சொன்னாள்.

"மாத்திரையை அன்னிக்கே நிறுத்தியிருப்போம்."

நல்ல டாக்டர். பொய் சொல்லவில்லை.


நவம்பர் 19, ஞாயிறு

வெயில். இந்த மாதத்தில் முதல் முழு வெயில்.

எஸ்ஜிபிடி 130. உறையும் நேரம் 55. ஆறாவது பத்தி போட்டு விட்டேன், ஓரத்தில் இடம் நெருக்கி.

டாக்டர் அவனை இரண்டு கைகளையும் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோலப் பிடிக்கச் சொன்னாள். கைகள் நிற்கவில்லை. விழுந்து விழுந்து எழுந்தன.

"இன்னிக்கு என்ன கிழமை சார்?"

"வெள்ளி."

"ஞாயிறு" என்றேன்.

"நீங்க சொல்லக் கூடாதும்மா."

"நூறுலேர்ந்து ஏழு போனா?"

வெகுநேரம் யோசித்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்ப்பவன். "ஷிப்ட் முடிஞ்சப்புறம் சொல்றேன்" என்றான்.

அவன் மூச்சில் ஒரு வாடை. இனிப்பாக, அழுகலாக. டாக்டர் இதற்குப் பெயர் சொன்னாள். பெயர் எனக்குத் தேவையில்லை. பதினாறு வருடத்துக்கு முன் என் கட்டிலில் வந்த வாடை. அப்போது அதைச் சாராயம் என்று நினைத்திருந்தேன், கடைசி மூன்று வாரம் அவர் தொடவில்லை என்று சத்தியம் செய்தும். அவர் அந்த மூன்று வாரம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அவரையும் நம்பவில்லை.

இன்று சொல்லியிருக்க வேண்டும். மாலா இருந்தாள், பாஷா இருந்தார். அவர்கள் எதிரில் வரவில்லை. இது ஒரு காரணமா? காரணம்தான் எனக்கு.


நவம்பர் 20, திங்கள்

எஸ்ஜிபிடி 61.

மாலா அழுது அழுது வீங்கிய முகத்தோடு ஆபீசுக்கு லீவு சொல்லப் போயிருந்தாள். நானும் அவனும் மட்டும். நன்றாக விழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, வாயைத் திறந்தேன்.

சாப்பாட்டுத் தட்டை எடுக்க ஆயா வந்தாள். அவள் போவதற்குள் அவன் தூங்கி விட்டான். எழுப்பினேன். எழவில்லை. நர்ஸ் வந்து மார்பெலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்து எழுப்பினாள். முனகினான், அவ்வளவுதான்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். நகம் வெட்டி விட்டேன்.


நவம்பர் 21, செவ்வாய்

எஸ்ஜிபிடி 38.

நாற்பதுக்குக் கீழே. ரிப்போர்ட்டில் அந்த வரிக்கு எதிரே இன்று நட்சத்திரக் குறி இல்லை. நார்மல் என்று அர்த்தம். எஸ்ஜிஓடி 44. பிலிருபின் 29. உறையும் நேரம், இரண்டு நிமிடம் வரை பார்த்து விட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

பதினொரு மணிக்குக் கண் திறந்தான். மாலா காபி வாங்கக் கீழே போயிருந்தாள். இனி எந்த ஆளுக்காகவும் நிறுத்துவதில்லை என்று அவன் காதருகே குனிந்தேன்.

"ரகு. நீ குடிக்கல. நான்தான் தப்பா நெனச்சேன். பூட்டி வெச்சது தப்பு. என்னை மன்னிச்சுடு."

என் முகத்தைக் கவனமாகப் பார்த்தான். உதடு காய்ந்திருந்தது, பஞ்சில் நனைத்துத் தடவினேன். நாக்கு குழறியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சிஸ்டர், மாத்திரை விசயம் எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். அவங்க தாங்க மாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.